பேச்சில்லாத படத்துக்கு மைக் பிடித்தவன்

பேச்சே இல்லாத படத்துக்கு விளக்கம் சொல்லப் போய்த்தான் நான் கெட்டேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. குடித்துக் கெட்டவன், சீட்டாடிக் கெட்டவன் என்று எங்கள் பக்கம் வகை வகையாக உண்டு. பிரெஞ்சுப் படத்தால் கெட்டவன் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில், முடிகொண்டான் ஆற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒரு வேலிக்குக் கொஞ்சம் கூடுதலாக நிலம். பெரிய மிராசு இல்லை. ஆனால் மிராசுதாரின் முறைப்பு மட்டும் குறைவில்லாமல் உண்டு. நான் மாயவரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, கட்சிக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தேன். கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு ஒரு பேச்சாளன் முளைத்திருந்த காலம். பெரிய பேச்சாளரின் கார் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருப்பது என் பொறுப்பு. ஒரு தடவை கீழ்வேளூர்ப் பக்கம் கார் வரவே இல்லை. இரண்டே முக்கால் மணி நேரம் விடாமல் பேசினேன். அப்பா அதைக் கேள்விப்பட்டு, "யாரும் நிறுத்தச் சொல்லலியா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா சிரிக்கத் தெரியாதவர் இல்லை. மாட்டுத் தரகரிடம் சிரிப்பார், டீக்கடையில் சிரிப்பார். நான் பக்கத்தில் போனதும் முகம் மாறிவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நான் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அவர் ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்துவிட வேண்டும், அதற்குத்தான் அத்தனை மேடையும் அத்தனை அடுக்குமொழியும்.

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நெல்லடிக்கும் களத்தின் மூலையில் ஒரு கூரை வீடு இருந்தது. எங்கள் வயலில் நடவு நடும் பெண்களைக் கூட்டி வரும் அம்மாளின் வீடு. அவளுடைய மாமனார் காலத்திலிருந்து அங்கேதான் இருந்தார்கள். அவள் மகன்தான் நான் சொல்ல வந்த ஆள். அவனும் நானும் ஒரே வயசு, ஐந்தாவது வரை ஒரே வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அந்த வாசலில் நின்று நீராகாரம் வாங்கிக் குடிப்பேன். என் வீட்டுக்குத் தெரிந்தால் தோலை உரித்து உப்புத் தடவியிருப்பார்கள். எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பிறகு நான் மாயவரம் போனேன், அவன் ஏர் பிடிக்கப் போனான், அப்புறம் விவசாயக் கூலிக்காரர் சங்கத்தில் சேர்ந்து கொடி பிடித்தான். நான் நாலு பக்கம் குறிப்பு எழுதி மனப்பாடம் செய்தாலும் வராதது அவனுக்கு வெற்றிலையை மென்றுகொண்டே வரும். அவன் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவன் சிரித்துவிடுவான்.

அந்த வருஷம் ஊர் சரியாக இல்லை. அறுவடைக் கூலியில் தகராறு முற்றி, நிலக்காரர்கள் வெளியூர் ஆளை இறக்கி, சங்கத்துக்காரர்கள் வரப்பில் உட்கார்ந்து, போலீஸ்காரர்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு வழியாகச் சமரசமான பிறகும் இரண்டு தெருவும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. களத்து மூலையைத் தன் பேருக்கு எழுதித் தரும்படி அந்த அம்மாள் மனுப் போட்டிருந்தாள். கணக்குப்பிள்ளையின் எந்தப் புத்தகத்திலும் அவள் பெயர் இல்லை. நிலம் எங்கள் பட்டாவில் இருந்ததால் விசாரணையன்று எங்கள் வீட்டு ஆள் ஒருவர் தாசில்தார் முன்னால் நின்று, ஆமாம், தலைமுறையாக இவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மனு தள்ளுபடி, வீடும் இல்லை. அப்பாவுக்கு மனசில்லைதான். ஆனாலும், "பாம்பும் பூரானும் கெடக்குற மூலை. போய்த் தொலையட்டும். இதுக்காக என்னால கோர்ட்டுப் படி ஏற முடியாது" என்று சம்மதித்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் படம் வந்து சேர்ந்தது. காரைக்காலில் ஒரு பென்ஷன்காரர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து எந்தெந்தச் சீமையிலோ சண்டை போட்டு, குண்டுச் சத்தத்தில் ஒரு காதைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பியவர். பாண்டிச்சேரியிலிருந்து யாரோ சிநேகிதர் மூலமாகச் சின்னப் புரொஜெக்டரும் தகரப் பெட்டியில் ரீல்களும் வரவழைத்து, தன் வீட்டுச் சுவரிலேயே படம் போட்டுப் பார்ப்பார். கட்சி வேலையாக அங்கே போனபோது எனக்கும் ஒன்று போட்டுக் காட்டினார். எல்லாம் பழைய சிரிப்புப் படங்கள். ஒரு படத்தின் கதை மாதிரி இன்னொன்று இருக்காது. ஆனால் எல்லாப் படத்திலும் ஆள் ஒருத்தன்தான். நல்ல மனுஷன், மரியாதை தெரிந்தவன், புதுக் காலத்துக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்று தெரியாமல் நிற்பவன். தானாகத் திறக்கும் கதவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, நீங்கள் முதலில் போங்கள் என்று ஒதுங்கி நிற்பான். கதவு மூடிக்கொள்ளும். மறுபடி திறக்கும். மறுபடி தொப்பி.

சுற்றி ஒரே சத்தம்: மணி, பொத்தான், செருப்பு, மெஷின். பேச்சு மட்டும் கிடையாது, இருந்தாலும் முணுமுணுப்புத்தான். "பேச்சுப் படம்னா எனக்குப் பாதிதான் காதுல விழும் தம்பி. இது செவிட்டுப் பயலுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு" என்றார் பென்ஷன்காரர். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அப்பாவை நினைத்துக்கொண்டேன். கொல்லையில் புதிதாகத் தண்ணீர் மோட்டார் வைத்திருந்தோம். ஷாக் அடிக்கும் என்று பயந்து, வாசலில் மாட்டியிருக்கும் குடையை எடுத்து வந்து அதன் காம்பால்தான் சுவிட்சைத் தட்டுவார். மழைக்குக்கூட அந்தக் குடை அவ்வளவு உழைத்ததில்லை.

அப்பா இந்தப் படத்தைப் பார்த்தால் கட்டாயம் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான்தான் கொண்டு வந்து தர வேண்டும். இதுதான் என் திட்டம்.

பென்ஷன்காரர் புரொஜெக்டரோடு வரச் சம்மதித்தார். நன்னிலத்தில் ஒரு ரைஸ்மில் முதலாளி தன் நெல் குடோனைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படம். ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். முன்னால் பெஞ்சு போட்டு நிலக்காரர்கள், பின்னால் சாக்கை விரித்து அதன் மேல் நடவுப் பெண்களும் சங்கத்துக்காரர்களும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஓசிப் படம் என்றதும் எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் கட்சி ஆபீஸிலிருந்து மைக் கொண்டு வந்திருந்தேன்.

பென்ஷன்காரர் மைக்கைப் பார்த்து, "இதுல பேச்சே கெடையாதே, எதுக்குத் தம்பி?" என்றார்.

"ஜனங்களுக்குப் புரியணுமில்லீங்களா?"

"ஜனங்களுக்குப் புரியாம போயிடும்னு பயமா, நீங்க பேசாம போயிடுவீங்கன்னு பயமா?" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

படம் ஓட ஆரம்பித்தது. நானும் ஆரம்பித்தேன். இதில்தான் நான் செய்த முட்டாள்தனம். எங்களுக்கு மேடைப் பழக்கம் என்று ஒன்று உண்டு. முதலில் எல்லாரையும் விளிக்காமல் விஷயத்துக்குப் போக நாக்கே வராது. "நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கும் ஆலை உரிமையாளர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முதுபெரும் பெரியவர் அவர்களே, போர்முனை கண்டு புண்பட்டுத் திரும்பிய பண்பாளர் அவர்களே" என்று பெஞ்சில் இருந்த ஒருத்தரையும் விடாமல் சொல்லி, தாய்க்குலத்துக்கு வந்து, உழைப்பாளித் தோழர்களுக்கு வந்து நிமிர்ந்தபோது, கதவுக் காட்சி முடிந்தே போயிருந்தது. படம் என்ன, பெரிய பேச்சாளரின் காரா, எனக்காகக் காத்திருக்க? ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாரும் திரையைப் பார்க்காமல் மரியாதையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விடுவேனா நான்? திரையில் அந்த ஆள் ஒரு பெரிய ஆபீஸில் ஜன்னல் ஜன்னலாகக் காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தான். "இயந்திர யுகத்தின் இரும்புப் பிடியில், இதயத்தைத் தொலைத்த மானுடம்" என்று இழுத்தேன். அப்போது பின்னால் சாக்கிலிருந்து ஒரு குரல், அவன் குரல், சாதாரணமாகப் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வது போல வந்தது.

"ஒண்ணுமில்லீங்க. நம்மாளு பட்டா மாத்த வந்திருக்காரு."

குடோன் கிடுகிடுத்தது. திரையில் அந்த ஆளை அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். "சர்வேயரு லீவாம்" என்றான். அதற்கடுத்த ஜன்னல் மூடியிருந்தது. "இவரு சாப்பிடப் போயிட்டாரு. போன வருசம் போனவரு." பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மில் முதலாளி இருமினார். படத்தில் அந்த ஆள் ஏதோ பொத்தானை அழுத்தப் பயந்து சுற்றுமுற்றும் பார்த்தான். "சுவிட்சப் போடணும். கொடயக் காணும், அதான் தேடுறாரு" என்றான்.

அது அப்பாவின் குடை. இதையே நான் சொல்லியிருந்தால் குடோன் என்றும் பார்க்காமல் அறைந்திருப்பார். பெஞ்சைப் பார்த்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு, முழங்காலில் தட்டித் தட்டி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு என் பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, "டேய், அந்த மைக்க அவன்கிட்ட குடு" என்றார்.

கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அவன்தான் மைக். பென்ஷன்காரருக்கு ஒரே சந்தோஷம். இருக்கிற ஒரு காதையும் அவன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். பெஞ்சும் சாக்கும் ஒரே இடத்தில் சிரித்தன. கலெக்டர் வந்து கூட்டம் போட்டு முடியாதது அந்த இருட்டில் நடந்துகொண்டிருந்தது. நான் கட்சிக்காரன், சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. அப்பா சாப்பிடும்போது, "அந்தப் பய சொன்னான் பாரு, போன வருசம் சாப்பிடப் போனவருன்னு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தட்டுக்கு முன்னால் தனியாகச் சிரிப்பார். மோர்ச்சோற்றில் கை நிற்கும். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். என் இரண்டு காதிலும் புகை வந்தது அவர் கண்ணில் படவே இல்லை. மோட்டார் சுவிட்சை இப்போது குடையை எடுக்கும்போதே சிரித்துக்கொண்டு போய்த் தட்டினார். அவன் இல்லாத இடத்திலும் அவன்தான் அவரைச் சிரிக்க வைத்தான். பெற்றது என்னை, சிரிப்பதற்கு அவன்.

இதில் கூத்து என்னவென்றால், நானே தனியாக ஆற்றங்கரையில் நின்று அவனைப் போலப் பேசிப் பழகிப் பார்த்தேன். "நம்மாளு" என்று ஆரம்பிப்பேன். இரண்டாவது வார்த்தையிலேயே "அவர்களே" வந்துவிடும்.

மூன்றாவது வாரம் அவன் எங்கள் கொல்லைப்புறம் வந்தான். "நாளன்னிக்கு விசாரணைங்க. அய்யாவுக்கு முட்டி வலி, ஒங்களத்தான் அனுப்புறேன்னு சொன்னாரு. எங்கம்மா நேத்துலேந்து தூங்கல. ஒரு வார்த்த போதும்" என்றான். மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் எனக்கு அவன் கண்ணில் மைக் தெரிந்தது.

"சொல்றேன், போ" என்றேன்.

தாலுக்கா ஆபீஸில் தாசில்தார் அறைக்கு வெளியே அவன் நின்றுகொண்டான். உள்ளே அவன் அம்மா மட்டும். நடவுக்கு வருகிற சேலை இல்லை, வேறு நல்ல சேலை கட்டியிருந்தாள். குமாஸ்தா என்னைப் பார்த்து, "களத்து மூலையில இந்த அம்மா குடியிருக்காங்களா? எத்தனை வருஷமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே யாரோ நாலு பேர் சிரித்தார்கள். அவன்தான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். விசாரணைக்கு வந்த இடத்திலுமா?

"தெரியலைங்க" என்றேன்.

"ஒங்க எடம்தானே?"

"நான் மாயவரத்துல ஹாஸ்டல்ல இருந்தவன். தெரியலைங்க."

அந்த அம்மாள் என்னையே பார்த்தாள். "தம்பி?" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அவ்வளவுதான். குமாஸ்தா ஏதோ எழுதினார். தனக்கு மூக்கு அறுந்தாலும் எதிராளிக்குச் சகுனத் தடையானால் சரி என்பார்கள். அன்று நான் அறுத்தது என் மூக்கு இல்லை. அவளுடைய வீட்டை. வெளியே வந்தபோது அவன் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துத் தலையாட்டினான். உள்ளே நடந்தது அவனுக்கு இன்னும் தெரியாது. பஸ் ஏறும்வரை எனக்கு ஜம்மென்றுதான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அப்பா, "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்திருக்கலாம். அவன் வர மாட்டான், மைக் என்னிடம் வரும் என்று நினைத்துப் போனேன். அவன் வந்திருந்தான். அவன் அம்மாவும் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். அன்றைய படத்தில் அந்த ஆள் கண்ணாடி மாளிகை மாதிரி ஓர் ஆபீஸுக்கு வந்து, மேஜைக்குப் பின்னால் இருந்தவனிடம் யாரையோ விசாரித்தான். மேஜைக்காரன் தலையைத் தூக்காமல் இல்லை என்று ஆட்டினான். மைக் பழையபடி அவன் கையில்தான் இருந்தது. ஜனங்கள் இப்போதே சிரிக்கத் தயாராகக் காத்திருந்தார்கள்.

"களத்து மூலையில ஒரு வீடு இருக்கே, அது எத்தன வருசமா இருக்குன்னு கேக்குறாரு நம்மாளு" என்றான். "அவரு தெரியாதுங்கறாரு."

மேஜைக்காரன் மறுபடி தலையை ஆட்டினான்.

"பள்ளிக்கூடம் விட்டு வரச்ச தினம் அந்த வாசல்ல நின்னு நீராகாரம் வாங்கிக் குடிச்சவருதான். கைய நீட்டி இன்னுங் கொஞ்சம்னு கேட்டவருதான். தெரியாதாம்."

பெஞ்சில் இருந்தவர்கள் வழக்கம் போல் சிரித்தார்கள். சாக்கில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்பா சிரிக்க ஆரம்பித்து, முழங்காலில் வைக்கப்போன கை பாதியில் நிற்க, திரும்பி என்னைப் பார்த்தார். திரை வெளிச்சம் என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எதைப் பார்த்தாரோ, எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவைத் திறந்தபோது உள்ளே வந்த வெயிலில் திரையில் படமே தெரியவில்லை.

மறுநாள் காலை முட்டி வலியோடு அவரே முதல் பஸ்ஸில் தாலுக்கா ஆபீஸ் போனார். நானும் பின்னால் போனேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திங்கள்கிழமை என்பதால் கூட்டம். ஜன்னல் ஜன்னலாகப் போய் நின்றார். முதல் ஜன்னலில் அடுத்த ஜன்னல் என்றார்கள். ஒருவர் லீவு. ஒருவர் சாப்பிடப் போயிருந்தார். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தார். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தாசில்தாரைப் பார்க்க முடிந்தது. "என் மகன் சொன்னது பொய்யுங்க. எங்கப்பா காலத்துலேந்து அவங்க அங்கதான் இருக்காங்க. எழுதிக்கிடுங்க" என்று நின்றுகொண்டே சொல்லி, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். நடவு முடிவதற்குள் மனை அந்த அம்மாள் பேருக்கு ஆயிற்று. என்னை அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நீராகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் அதற்குப் பிறகு மைக்கைத் தொடவில்லை. பென்ஷன்காரர் நேரில் போய்க் கேட்டுப் பார்த்தார். "பேச்சில்லாத படத்துக்குப் பேச்சு எதுக்குங்க" என்று சொல்லிவிட்டானாம். ஆக மைக் என்னிடமே திரும்பி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் நின்றேன். "அவர்களே" ஒன்றுகூடச் சொல்லவில்லை. அவன் மாதிரியே "நம்மாளு" என்று ஆரம்பித்தேன். பின்னால் சாக்கெல்லாம் காலி. பெஞ்சில் மூன்று பேர். அப்பாவின் இடத்தில் மில் முதலாளியின் குடை இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மோட்டார்க் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். எட்டு நாளாக என்னிடம் வாய் திறக்காதவர், "என்ன, யாராச்சும் சிரிச்சாங்களா?" என்றார்.

ஆமாம் என்றுதான் நாக்கு நுனியில் இருந்தது. "இல்லப்பா, ஒருத்தரும் சிரிக்கல" என்றேன்.

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். நான் சொன்ன வார்த்தைக்குத்தான், என்னைப் பார்த்துத்தான். ஆனால் சத்தம் வரவில்லை, முழங்காலில் தட்டவில்லை, துண்டு கண்ணுக்குப் போகவில்லை. உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். அப்பா போய் எத்தனையோ வருஷமாயிற்று. களத்து மூலையில் அவன் பேரன் மாடி வீடு கட்டிவிட்டான். நான் இன்னும் அந்த இரண்டு சிரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்துகொண்டிருக்கிறேன். அவனுக்குக் கிடைத்ததுதான் பெரிசு.